மெனுவில் இரண்டு விளையாட்டு

கொச்சி மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டைப் பெருக்கும் கார்ப்பரேஷன் ஊழியர் அழகருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. கார் ரேஸில் பதினெட்டு வருடமாகத் தோற்காதவரும் அவர்தான். ரேஸ் நடப்பது அவர் வீட்டு முன்னறையில், பழைய வீடியோ கேம் பெட்டியில். எதிராளி பக்கத்து வீட்டு சேவியர். படகுத்துறையில் ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டுபவர். ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் மோதல். தோற்றவர் அந்த வாரம் முழுக்க, சாயாக்கடையில் நாலு பேர் கேட்க, ஜெயித்தவரை "ஆசானே" என்று கூப்பிட வேண்டும். இதுவரை கூப்பிட்டதெல்லாம் சேவியர்தான். வேறு யாரும் அழகரை எதுவாகவும் மதித்துக் கூப்பிட்டதில்லை என்பதால், அந்த ஒரு சொல்லை அவர் சொத்துபோல வைத்திருந்தார்.

அப்படியிருக்க, ஒரு புதன்கிழமை டியூப் டிவி புகைவிட்டு அடங்கியது. புது டிவி காலண்டர்போலச் சுவரில் தொங்கியது. அதில் இல்லாதது ஒன்றே ஒன்று: கேம் பெட்டியின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களைச் செருக இடம்.

"இத்தாம் பெரிய டிவியில மூணு ஓட்டை போட அவனுக்கு மனசு வரலியே!" என்றார் அழகர்.

பிராட்வே கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் தீப்பெட்டி அளவில் கன்வெர்ட்டர் ஒன்று கொடுத்தார். மூன்று வயரும் இந்தப் பக்கம், ஹெச்டிஎம்ஐ வயர் அந்தப் பக்கம். சனிக்கிழமை படம் வந்தது. கார்கள் கல்யாண விருந்து முடித்து வந்தவைபோல அகலமாக இருந்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பட்டனை அழுத்தினால், கார் சற்று யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. யோசித்து முடிப்பதற்குள் சுவர் வந்துவிட்டது.

கடைக்காரருக்கு போன் போட்டார்.

"சேட்டா, டிவி படத்தை மினுக்க நேரம் எடுக்குது. மெனுவில கேம் மோடு உண்டு. அது போட்டா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

மெனு தமிழில் இருந்தது. செங்கோட்டையிலிருந்து வாக்கப்பட்டு வந்த ஆவுடையம்மாள், டிவி வந்த அன்றே அப்படி மாற்றிவிட்டாள். கொச்சியில் பிறந்து வளர்ந்த அழகருக்கு மலையாளம்தான் வாசிக்க வரும். தாய்மொழியை மனைவி வாசித்துச் சொல்ல வேண்டும்.

"ஆவுடை, கேம்னு எங்க எழுதியிருக்கு பாரு."

"கேம்னு ஒண்ணும் இல்லங்க. இயல்பு, சினிமா, விளையாட்டு..."

"அதுதான்! அமுக்கு!"

அமுக்கினாள். புல் இன்னும் பச்சையானது. கார் இன்னும் ஆழமாக யோசித்தது.

மறுநாள் சேவியர் வந்தார். முதல் வளைவில் அழகர் சுவரில் மோதினார். இரண்டாவதில் விளம்பரப் பலகையில். சேவியரின் கார் வழுக்கிக்கொண்டு போனது.

"எடா, நீ மட்டும் எப்படிடா திருப்பற?"

"வளைவு வரும் முன்னமே திருப்பணும். எண்டெ படகும் இப்படித்தானே, இப்பச் சொன்னா அப்புறமாத்தான் கேக்கும். உன் பழைய டிவிக்குத்தான் ரொம்ப அவசரம்!"

மூன்று ரேஸிலும் அழகர் தோற்றார். சேவியர் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனார். சீரியல் பார்க்க ரிமோட்டை எடுத்த ஆவுடையம்மாள், மெனுவில் இன்னும் கீழே போனாள்.

"ஏங்க, இங்க இன்னொரு விளையாட்டு இருக்கே. மேல உள்ளதுல பந்து படம். இதுல நம்ம பெட்டி மாதிரி ஒண்ணு."

"அடியே, இத நேத்தே சொல்றதுக்கென்ன?"

"ரெண்டும் ஒரே எழுத்துத்தான? ஒண்ண அமுக்கினா போதாதான்னு விட்டுட்டேன்."

கிரிக்கெட் பார்ப்பதற்கும் கார் ஓட்டுவதற்கும் ஒரே சொல்லைப் போட்டவர் யாரோ, அவர் இரண்டையும் ஆடியதில்லை. இரண்டாவது விளையாட்டை அமுக்கியதும் கார் சொன்ன நொடியில் திரும்பியது.

திங்கள் காலை சாயாக்கடையில் சேவியர் நாலு பேரோடு காத்திருந்தார்.

"நேத்து நடந்தது மெனுவோட தப்புடா. ரெண்டாவது விளையாட்ட போட்டு இப்ப சரியாக்கிட்டேன்," என்றார் அழகர்.

"அது அடுத்த ஞாயிறு பார்க்கலாம். இப்ப நாலு பேர் கேக்க என்னை விளிக்கடா."

அழகர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். சாயாவில் ஆடை கட்டிய பிறகு, "ஆசானே" வந்தது.

"டிவி சரியாயிடுச்சு," என்றார் சேவியர். "இனி உன் வாயையும் அந்த ரெண்டாவது விளையாட்டுல போடு."