பக்கம் இழுக்கும் பனிவண்டி

அத்தானின் இடது தோளில் இருந்த கண்டலை முதலில் பார்த்தது அக்காதான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம். ரொறன்ரோவின் மல்வேர்னில் நாங்கள் வாடகைக்கு இருந்த ரவுன்ஹவுஸ் வரிசைவீட்டின் மாடியில், அவர் குளித்துவிட்டு வர, துவாய் கொடுக்கப் போனவள் கண்டுவிட்டாள். தோளிலிருந்து முழங்கை வரை கத்தரிக்காய் நிறத்தில் கண்டிப்போயிருந்தது. "இது என்னப்பா?" என்று அவள் சொன்னது கீழே இருந்த எனக்குக் கேட்டது. "கொஞ்சம் விழுந்திட்டன். பெரிசா ஒண்டுமில்லை," என்றார் அத்தான். அக்கா சத்தம் போடவில்லை. இறங்கி வந்து, குசினி மேசையில் என் முன்னால் உட்கார்ந்து, "நல்ல கை ஒண்டுதான் மிச்சமா இருந்தது. அதையும் முறிச்சுக்கொண்டு வந்து நிக்கப்போறார்," என்றாள்.

மற்றக் கை ஊரிலேயே போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் அத்தான் மினிபஸ் ஓட்டியவர். ஷெல் விழுந்தபோது ஒரு துண்டு வலது தோளுக்குள் புகுந்தது. கை இருந்தது, விரல்கள் வேலை செய்தன. ஆனால் அந்தக் கையை நெஞ்சுக்கு மேலே தூக்க முடியாது, எதையாவது இறுக்கிப் பிடித்தால் சிறிது நேரத்தில் நடுங்கத் தொடங்கிவிடும். ரொறன்ரோவுக்கு வந்தபின் அவர் ஏறி இறங்காத தொழிற்சாலை இல்லை. பெட்டி தூக்கச் சொல்வார்கள், அவர் தூக்குவதைப் பார்ப்பார்கள், பிறகு தொலைபேசியில் அழைப்பதாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அழைப்பு வராது. இரண்டு வருடம் அவர் எங்கள் வரவேற்பறை சோபாவின் ஒரு மூலையில் இருந்தார். அக்கா விடியற்காலை பஸ் பிடித்து ஒரு பேக்கரிக்கு வேலைக்குப் போவாள். பின்னேரம் வந்து சனத்துக்குச் சட்டை தைப்பாள். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் சண்டை பிடித்ததாக எனக்கு நினைவில்லை. சண்டை பிடிப்பதற்காவது கதைக்க வேண்டுமே. சாப்பாடு போட்டாயிற்று, பில் வந்திருக்கிறது, குழாய் ஒழுகுகிறது என்பதற்கு மேல் அவர்களுக்கிடையில் பேச்சு இருக்கவில்லை.

அந்தக் கார்த்திகையில்தான் அக்காவின் சூப்பர்வைசர் ஒரு வேலையைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய அண்ணனுக்கு வடக்கே, கார் ஓட்டத்தில் சில மணி நேரம் தள்ளி, ஓர் ஏரிக்கரையில் கொட்டேஜ்கள் இருந்தன. கோடையில் வாடகைக்கு விடுவார். குளிர்காலத்தில் அவை பூட்டிக் கிடக்கும். ஆனால் யாராவது ஒவ்வொன்றாகப் போய், குழாய் உறைந்து வெடித்திருக்கிறதா, கூரையில் பனி கனத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அங்கே றோட்டில் பனி வழிக்க ஒருவரும் வருவதில்லை. ஸ்னோமொபில் என்ற பனிவண்டியில்தான் போகவேண்டும். தை முடியும்வரை செய்து பார்க்கட்டும், பிறகு யோசிப்போம் என்றார் முதலாளி. அத்தான் ஒரு தோள்பையுடன் போனார். வார முடிவில் வீட்டுக்கு வரும்போது அவர் மேல் பெற்றோல் மணமும் விறகுப் புகையும் அடிக்கும். முதல் தடவை வந்தபோது, கேட்காமலேயே எங்களுக்குக் கதை சொன்னார். ஏரி உறையும்போது எழும் சத்தத்தைச் சொன்னார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தக் கண்டல். மேசைக்கு வந்து உட்கார்ந்த அத்தான் நடந்ததைச் சொன்னார். அந்த ஸ்னோமொபில் பழையது. அதன் முன்பக்கத்தில் இரண்டு ஸ்கீகள் இருக்கும்; வண்டியைத் திருப்புவது அவைதான். பல வண்டிகள் ஓடி ஓடி இறுகிய பனிப்பாதையில் பழைய தடங்கள் வரிவரியாகக் கிடக்கும். இந்த வண்டியின் ஸ்கீகள் அந்தத் தடங்களுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். நேராகப் போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று இடப்பக்கம் பாயும். திருப்பினால் வலப்பக்கம் பாயும். "வெட்டி வெட்டி இழுக்குது," என்றார். "ரெண்டு கையாலயும் அமத்திப் பிடிச்சால்தான் நிக்கும். எனக்கு எங்க ரெண்டு கை?" இந்த முறை அது அவரை ஒரு மரத்தில் கொண்டுபோய்ச் சாத்தியிருந்தது. முதலாளியிடம் சொன்னதற்கு, முன்பு வேலை செய்தவன் அதைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லையே என்றாராம்.

"வேலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நீங்கள் வீட்டில இருங்கோ. நான் பாக்கிறன்," என்றாள் அக்கா.

அத்தான் சோபாவின் பக்கம் தலையைத் திருப்பி, "உதிலயோ?" என்று கேட்டார். "திரும்பவும் உதில போய் இருக்கச் சொல்லுறீரோ?"

அக்கா எழும்பி அடுப்புப் பக்கம் போனாள். அன்றைக்கு அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்தது.

முதலாளிக்கு எங்கள் பகுதியான ஸ்கார்பரோவில் ஒரு மகள் இருந்தாள். கிறிஸ்மஸுக்கு அவளிடம் வரும்போது வண்டியை ட்ரெயிலரில் ஏற்றி வரமுடியுமா, நானே அதைத் திருத்திப் பார்க்கிறேன் என்று அத்தான் கேட்டார். என்னைத்தான் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசவைத்தார். மனிதர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். அப்படித்தான் மஞ்சளும் கறுப்பும் நிறமடித்த அந்த இயந்திரம் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. அந்த ரவுன்ஹவுஸ் வரிசையில் யாரும் அதுவரை கிட்ட நின்று ஸ்னோமொபிலைப் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளைகள் முறை வைத்து ஏறி இருந்தார்கள். பக்கத்து வீட்டு அங்கிள் தேநீர்க் கோப்பையுடன் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, உதில ஏறிக் கோயிலுக்கு வாற எண்ணமோ?" என்று கேட்டார். அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

வண்டியோடு, அதைத் திருத்தும் முறை சொல்லும் ஆங்கிலக் கைநூல் ஒன்றும் வந்தது. அத்தான் கேட்கக் கேட்க நான் வாசித்து மொழிபெயர்த்தேன். முதலில் வண்டியின் முன்பக்கத்தை இரண்டு மரக்குற்றிகள் மேல் தூக்கி வைத்தோம். ஒவ்வொரு ஸ்கீயின் அடியிலும் நீளமாக ஓர் இரும்புக் கம்பி பூட்டியிருக்கும். பனியைக் கடித்துக்கொண்டு போவது அதுதான். ரன்னர் என்று நூலில் இருந்தது. அத்தான் பழைய மட்டைப்பெட்டியொன்றைப் பிரித்து விரித்து, அதில் மல்லாந்து படுத்து, கையால் தடவிப் பார்த்தார். "பிள்ளை, இஞ்சை தொட்டுப் பார்," என்றார். ஒரு ஸ்கீயின் கம்பி முழுக்கத் தேய்ந்து, நடுவில் அலை மாதிரி வளைந்திருந்தது. மற்ற ஸ்கீயின் கம்பியில் கூர் கொஞ்சம் மிச்சமிருந்தது. இரண்டும் இரண்டு விதமாகப் பனியைக் கடித்தால் வண்டி எப்படி நேராகப் போகும்?

புதிய ரன்னர்களை வாங்கப் போனது நானும் அக்காவும். கடை நகரின் வடக்கு விளிம்பில் இருந்தது. இரண்டு பஸ் மாறவேண்டும். திரும்பி வரும்போது அந்த நீளக் கம்பிகளைப் பழைய தமிழ்ப் பத்திரிகையில் சுற்றி, அக்கா குழந்தையை ஏந்துவதுபோல மடியில் வைத்திருந்தாள். பஸ் சாரதி கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். பாதி வழியில் அவள், "உது மாத்தினாலும் இழுத்தால் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். "இழுக்கக்கூடாது," என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புதிய ரன்னர்களைப் பூட்டியபின், ஸ்கீகள் நேராக இருக்கின்றனவா என்று அளக்கவேண்டியிருந்தது. ஹாண்டிலை நேராக வைத்துக் கட்டினோம். ஸ்கீ மூட்டுகளில் ஆட்டம் இருந்ததால், நூலில் சொன்னபடி இரண்டு ஸ்கீ நுனிகளையும் ஒரு ரப்பர்க் கயிற்றால் உள்ளே இழுத்துக் கட்டினோம். நிலக்கீழ் அறையிலிருந்து ஒரு நீளப் பலகையைக் கொண்டுவந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் சுற்றும் ரப்பர்ப் பட்டியின் ஓரத்தோடு அணைத்து, அது ஸ்கீக்குப் பக்கத்தில் வரும்படி நீட்டி வைத்தோம். ஸ்கீயின் முன்னுக்கும் பின்னுக்கும் பலகையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தால் அது எந்தப் பக்கம் கோணி நிற்கிறது என்று தெரியும். அத்தானுக்கு ஒரு கையால் பலகையை அமத்திக்கொண்டு மற்றக் கையால் அளக்க முடியவில்லை. அதுவரை கதவோரம் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்ற அக்கா, உள்ளே போய், தையல் அளவு நாடாவையும் சோக்கையும் எடுத்து வந்தாள். பனியில் முழங்காலிட்டாள்.

"நீங்கள் பிடியுங்கோ. நான் அளக்கிறன்."

இடது ஸ்கீயின் நுனி உள்ளே சாய்ந்திருந்தது. அதை நேராக்குவதற்கு ஸ்கீயைத் திருப்பும் ஸ்ரியறிங் தண்டின் நட்டைத் தளர்த்தித் திருகவேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்கவேண்டும் என்றார் அத்தான். இல்லை, நுனிகள் மிகச் சிறிது வெளியே விரிந்திருக்கவேண்டும் என்று நூல் சொல்கிறது என்றேன் நான். "விரிஞ்சால் ரெண்டும் ரெண்டு பக்கம் போகாதோ?" என்று கேட்டார். நான் அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி வாசித்தேன்; விரியத்தான் வேண்டும் என்றே இருந்தது. "எவ்வளவு விரியவேணும்?" என்றாள் அக்கா. நான் அளவைச் சொல்ல, "உது ஒரு தையல் பிடிக்கிற அளவுதானே," என்று சொல்லிச் சோக்கால் பலகையில் கோடு போட்டாள். "கொஞ்சம் திருகுங்கோ. இன்னும். காணும், காணும்! கூடிப்போச்சு. திரும்ப விடுங்கோ." அத்தான் திருகினார். இடையில், "நீர் என்ன, எனக்குச் சட்டையோ தைக்கிறீர்?" என்றார். "சட்டை எண்டால் பிழைச்சால் பிரிக்கலாம்," என்றாள் அவள். இருவரின் மூச்சும் வெள்ளையாக எழுந்து ஒன்றாகக் கலைந்தது. நான் கைநூலை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என்னை அவர்கள் மறந்துபோயிருந்தார்கள். அளந்து முடிந்த பிறகும் இருவரும் அந்தப் பெட்டி மட்டையில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனேன். பிறகு போய்ப் பார்த்தபோது இரண்டு கோப்பையும் தொடப்படாமல் ஆறிப் போயிருந்தன.

வண்டியை எங்கள் வாசலில் ஓட்டிப் பார்க்க முடியாது. அதற்கு அனுமதியும் இல்லை, இடமும் இல்லை. புதுவருடம் கழிந்து முதலாளி அதைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார். அத்தான் வேலைக்குத் திரும்பவேண்டிய நாளில் தானும் வரப்போவதாக அக்கா சொன்னாள். பேக்கரியில் ஒரு நாள் லீவு கேட்டாள். அதுவரை அவள் லீவே எடுத்ததில்லை. பக்கத்து வீட்டு அங்கிள் தன்னுடைய வான் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார்.

ஏரி வெயிலில் கண்கூசக் கிடந்தது. அத்தான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கரையோரப் பாதையில் ஓட்டினார். அவர் முன்பு சொன்ன மாதிரி வண்டி பாயவில்லை. ஆனாலும் தடங்கள் குறுக்கிடும் இடத்தில் மூக்கைத் திருப்பியது. திரும்பி வந்து இறங்கியவரின் முகம் தொங்கிப்போயிருந்தது. நான் கைநூலைப் புரட்டினேன். ஸ்கீகள் மேல் பாரம் கூடினாலும் அவை தடத்தைக் கடிக்கும், முன் ஸ்பிரிங்கைத் தளர்த்து என்று இருந்தது. அத்தான் இரண்டு பக்கத்தையும் ஒரே அளவு தளர்த்தினார். மறுபடி ஓட்டினார். இழுப்பு இன்னும் குறைந்தது. ஆனால் வலது கை நடுங்குவது எங்களுக்குக் கரையிலிருந்தே தெரிந்தது.

அக்கா பாதைக்குள் இறங்கிப் போய் வண்டியை மறித்தாள். "நீங்கள் அதைக் கள்ளனைப் பிடிச்ச மாதிரிப் பிடிக்கிறியள்," என்றாள். "அது கொஞ்சம் ஆடத்தானே செய்யும்? அது ஆட முதலே நீங்கள் திருப்புறியள்."

"விட்டால் திரும்பவும் மரத்தில கொண்டுபோய் அடிச்சிடும்."

"அப்ப நானும் ஏறுறன். அடிச்சால் ரெண்டு பேரும் அடிபடுவம்."

ஊரில் சைக்கிள்கூட ஓடத் தெரியாதவள் என் அக்கா. அவள் சேலைக்கு மேல் குளிர்ச் சட்டையும், சேலைக்கு அடியில் என்னுடைய ஜீன்ஸும் போட்டிருந்தாள். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி ஒரு ஹெல்மெட் கொடுத்தார். பின்னால் ஏறி அவரைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள். அங்கிள், "பிள்ளை, கவனம்!" என்று கத்தினார். வண்டி புறப்பட்டது. போகும்போது அக்கா அவர் காதருகில் கத்திக்கொண்டே போனாள்: "விடுங்கோ! இறுக்காதேங்கோ! அது போகும், விடுங்கோ!" அவர்கள் ஏரியைச் சுற்றி வந்தார்கள். தடங்கள் குறுக்கே வந்தபோது வண்டி மெல்ல ஆடியது, பிறகு தானாக நேராகியது. திரும்பி வந்து நின்றபோது அத்தான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடிக்குள் அவர் அழுகிறார் என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தை முடிந்தபோது முதலாளி வேலையை நிரந்தரமாக்கினார். பல குளிர்காலங்கள் அத்தான் அங்கே இருந்தார். பிறகு கோடையிலும் அங்கேயே வேலை கிடைத்தது. முழங்கால் ஒத்துழைக்காமல் போனபிறகுதான் நகரத்துக்குத் திரும்பினார். போன வருடத்துக்கு முந்திய வருடம் அவர் காலமானார். நான் இப்போது யூனியன்வில்லில் இருக்கிறேன். அக்கா வோபர்னில், பிறகு பிறந்த மகளோடு இருக்கிறாள். ஞாயிறுகளில் போய்ப் பார்ப்பேன். முதல் பனி விழும்போது அவள் பல்கனிக் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் குளிரில் நிற்பாள். மகள் ஏசினாலும் கேட்பதில்லை. ஒருநாள் பக்கத்தில் நின்ற என்னிடம், "அந்த மனிசன் எப்பிடிச் சிரிச்சவர் எண்டு உனக்கு ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

ஆனால் எனக்கு அதிகம் நினைவில் வருவது அந்த நாளின் கடைசிப் பகுதிதான். நாங்கள் வீடு திரும்பவேண்டும். அத்தான் மறுகரையில் இருந்த கொட்டேஜ்களைப் பார்க்கப் போகவேண்டும். அக்கா அவருடைய குளிர்ச் சட்டையின் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அது எங்கள் வீட்டில் இருந்த பேச்சில்லாமை அல்ல. அவர் தனியாக ஏறி, ஏரிக்குக் குறுக்கே ஓட்டிக்கொண்டு போனார். வண்டி வெள்ளையில் சின்னதாகிக்கொண்டே போனது. அங்கிள் வானை ஸ்ரார்ட் பண்ணிவிட்டு, "வாங்கோ பிள்ளையள், இருட்ட முதல் போவம்," என்றார். அக்கா அசையவில்லை. ஏரியின் நடுவில் போய்க்கொண்டிருந்த அத்தான், எங்களுக்காக நல்ல கையை ஹாண்டிலிலிருந்து எடுத்து உயரத் தூக்கி ஆட்டினார். ஷெல் பட்ட கை மட்டும் ஹாண்டிலில் இருந்தது. வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது.