உறவினர் அல்லாத இருவர்

தொழிலுக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் தமது குடும்பத்தைப் பற்றி எழுத வேண்டுமா, தவிர்க்க வேண்டுமா என்னும் கேள்வி, சென்ற நோன்புப் பெருநாள் கழிந்த சில வாரங்களில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. வீடு என்றேனே, அது என் மகளின் வீடு. எங்கள் பகுதியில் பெண் பிள்ளைக்கே வீடு கட்டி, காணி உறுதியையும் அவள் பெயரில் முடிப்பது வழக்கம். மணமகன்தான் அங்கே வந்து சேர வேண்டும். முன்னர் அது என் மனைவியின் வீடாக இருந்தது. அவர் மறைந்தபின் மகளுடையதாயிற்று. கல்முனைக் கடைத்தெருவில் நெடுங்காலம் அரிசிக் கடை நடத்திய நான், இரு காலத்திலும் வந்து சேர்ந்தவனாகவே அதில் வசித்து வருகிறேன். இதனைக் குறையாகக் கூறவில்லை. ஊரின் ஒழுங்கைக் கூறுகிறேன்.

மகள் கணக்கியல் பரீட்சைகளை முடித்துவிட்டு, கொழும்பிலுள்ள நிதிக் கம்பனி ஒன்றின் வட்டியில்லாப் பிரிவுக்கு விண்ணப்பிக்க முற்பட்டாள். அவ்வேலையை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பதை, சோற்றுப் பீங்கானைப் பக்கத்தில் ஆறவிட்டு மடிக்கணினியின் முன் அவள் அமர்ந்திருந்த விதமே சொல்லிற்று. அவளுக்குத் துணைசெய்யும் எண்ணத்துடன், ‘குடும்பப் பின்னணி’ எனத் தலைப்பிட்டு ஒரு பந்தியை எழுதிக் கொடுத்தேன். அவள் தாயின் குடி இன்னதென்றும், அக்குடியிலிருந்து பள்ளிவாசல் நிருவாகத்துக்கு மரைக்கார்மார் தொடர்ந்து தெரிவாகி வந்துள்ளனர் என்றும், தகப்பன் ஒருவருடைய முறைப்பாட்டுக்கும் ஆளாகாமல் வியாபாரம் செய்தவர் என்றும் அதில் கண்டிருந்தது.

வாசித்துவிட்டு அவள் சிரித்தாள்.

“வாப்பா, இது கலியாணம் பேசி வாற ஆக்களுக்குக் குடுக்கிற பேப்பர்.”

“காசு பொழங்குற இடம் மகள். ஆருட புள்ள, எப்பிடிப்பட்ட குடும்பம் எண்டு பாக்க மாட்டாங்களா?”

“பாத்தாலும் நம்ம எழுதப்படாது. எழுதினா, இந்தப் புள்ளைக்கிட்ட வேற சரக்கு ஒண்டும் இல்ல போல எண்டு நினைப்பாங்க. வாப்பாட பேரக்கூட நான் போடல்ல.”

கடைசி வாக்கியத்தை அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆயினும் சுயவிபரக்கோவையின் முடிவில் வேறு மனிதர் இருவரின் பெயர் தேவைப்பட்டது. அவளது நன்னடத்தைக்குச் சாட்சி கூறக்கூடிய, உறவினர் அல்லாத இருவர். ஒருவர், அவள் பயிற்சி பெற்ற கணக்காய்வாளர். மற்றவரைத் தேடுவது எங்கள் ஊரில் எளிதன்று. பெரும்பாலானோர் ஏதோ ஒரு முறையில் மாமா, மச்சான், சாச்சா ஆகிவிடுகின்றனர். ஈற்றில், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவரின் பெயரை எழுதினோம். அவர் பள்ளிவாசலின் மரைக்கார். என் நீண்டகாலத் தோழர். என் மனைவியின் குடியைச் சேர்ந்தவராதலால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே அழைத்துவந்தோம். குடி என்பது தாய்வழி வருவது. என் மகள் அவருடைய குடிப் பிள்ளை. நானோ வேறு குடி. எனினும், ஆயிரம் வீடுகள் அடங்கிய குடியில் அவருக்கும் அவளுக்கும் இடையில் இரத்த உறவு எதுவும் காட்ட இயலாது. ஆகவே நாங்கள் எழுதியது பொய்யன்று.

ஒரு மாலை, அஸர் தொழுகை முடிந்து நாங்கள் இருவரும் அவர் வீட்டு மண்டபத்தில் பிளேன்டீ அருந்திக்கொண்டிருந்தபோது கம்பனியிலிருந்து அழைப்பு வந்தது. நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை அழுத்தினார். ஓர் இளம் பெண்ணின் குரல்.

“அவங்களை எவ்வளவு காலமா உங்களுக்குத் தெரியும் சேர்?”

“பொறந்த நாள்ல இருந்து.”

“உங்களுக்கு உறவினரா?”

அதிபர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

“உறவு இல்லாம? எங்கட குடிப் புள்ள. நான் மாமா. நீங்க ஒண்டுக்கும் பயப்படத் தேவல்ல. அந்தப் புள்ளைக்கு நான் பொறுப்பு!”

தகப்பன் எதிரில் இருக்க, ‘இப்பிள்ளை உமக்கு உறவா’ என்று கேட்கப்படும்போது இல்லை என்று கூறுவது எங்களிடையே அவளைக் கைவிடுவதற்குச் சமம். தம்மால் இயன்ற மிகப் பெரிய உத்தரவாதத்தை அவர் அளித்தார். நானும் மகிழ்ந்தேன். மனைவி இறந்தபின் அவ்வளவு உரத்து எவரும் எங்களுக்காகப் பேசியதில்லை.

பின்னர் மகளுக்குக் கம்பனியின் மின்னஞ்சல் வந்தது. உறவினர் அல்லர் எனக் குறிப்பிடப்பட்டவர் தம்மை மாமன் என உறுதிப்படுத்தியுள்ளார். இம்முரண்பாட்டை விளக்கும்வரை விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது.

“பொய் எழுதினவள் எண்டு பேர் வந்திட்டு வாப்பா. அதுவும் நிதிக் கம்பனியில.”

“குடி எண்டா என்னெண்டு வெளங்கப்படுத்தி எழுதன் மகள்.”

“இங்கிலீசில எப்பிடி எழுதுற? இவர் மாமா, ஆனா மாமா இல்ல எண்டா?”

எப்படியோ எழுதினாள். அம்மனிதரே மீண்டும் பேசி உறுதிப்படுத்தட்டும் என்று பதில் வந்தது. இருவரும் அவர் வீட்டுக்குச் சென்றோம்.

விடயத்தைக் கேட்டதும் அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப நான் என்ன செல்லோணும் மகள்?”

“உறவு ஒண்டும் இல்ல எண்டு செல்லுங்க சேர்.”

அவள் வாழ்நாளில் அவரை மாமா என்றன்றி வேறெவ்விதமும் அழைத்ததில்லை. பாடசாலையிற்கூட வாய் தவறி மாமா என்றழைத்துக் கேலிக்கு ஆளானவள்.

“பாத்தியா மச்சான், இப்பவே தொடங்கிட்டா,” என்று அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

பிறகு அவர் எழுந்து நின்று, காலைக் கூட்டத்தில் பேசுபவரைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு அழைத்தார். “நான் முன்னர் கூறியது எங்கள் ஊர் வழக்கம். அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் எந்த உறவும் கிடையாது. என் பாடசாலையில் படித்தவர். அவ்வளவுதான்.”

உட்புறமிருந்து அவருடைய மனைவி கேட்டார்: “ஆர உறவில்ல எண்டு செல்றீங்க?”

பேசி முடித்த தொலைபேசியை அவர் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

மகளுக்கு வேலை கிடைத்தது. புறப்பட்ட நாளில், வழக்கப்படி பெட்டியைத் தூக்கவும் துஆ ஓதி வழியனுப்பவும் மாமன் முறையில் வந்திருக்க வேண்டிய அதிபர் வரவில்லை. தொலைபேசியில்தான் பேசினார். “பஸ் நிக்கிற இடத்துல கம்பனிக்காரன் கமரா வெச்சிருப்பான் மகள். நான் வந்தா உன்ட வேல போயிரும்.” அவள் சிரித்து, கண்ணைத் துடைத்தாள். பெட்டியை நானே ஏற்றிவிட்டேன்.

அதன்பின் பள்ளிவாசலில் அவரைக் காண்கிறேன். சலாம் சொல்கிறோம். செருப்பை மாட்டியதும் அவர் தம் வீட்டுக்குச் செல்லும் ஒழுங்கைப் பக்கம் திரும்பிவிடுகிறார். ஒரு நாள், வீட்டுக்கு வாருங்கள், தேநீர் அருந்துவோம் என்று அழைத்தேன்.

“மகள் லீவுல வரட்டும், வாறன்.”

“ஏன், நான் ஒருத்தன் இரிக்கிறது பத்தாதா?”

“கோவிக்காத மச்சான். அது எங்கட புள்ளைட ஊடு எண்டுதான் நான் உரிமையோட வந்து போன. வாயால இல்லெண்டு சென்ன பொறகு, அந்த வாசல்ல வந்து நிக்க எனக்கு ஒரு மாதிரி இரிக்கி.”

அவர் கூறியதில் பிழை காண என்னால் இயலவில்லை. எங்கள் இருவரையும் இணைத்திருந்தது அவ்வீட்டுப் பெண்களே. ஒருவர் மண்ணறையிலும் மற்றவர் கொழும்பிலுமாக, நாங்கள் ஒரே பள்ளிவாசலில் தொழும் இரு முதியவர்கள் ஆனோம்.

மகள் வெள்ளி தோறும் பேசுகிறாள். “இஞ்ச ஒருத்தரும் குடும்பத்தக் கேக்கிறல்ல வாப்பா. வேலைய மட்டும்தான் பாக்காங்க. எவ்வளவு நிம்மதி தெரியுமா?” என்றாள். நல்லது மகள் என்றேன். உண்மையிலேயே நல்லதுதான். அவள் எழுதாமல் விட்டது சரியென்றும், நான் எழுதிய பந்தி அவளைத் தாழ்த்தியிருக்கும் என்றும் இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற கிழமை, அவள் பெயருக்கு ஒரு பொதி வந்தது. கூரியர்காரர் வாயிற்கதவுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தவாறே உரத்து அவள் பெயரை வாசித்தார்.

“அவ கொழும்பில,” என்றேன்.

“அப்ப நீங்க ஒப்பம் வைங்க. அவக்கு நீங்க என்ன முறை?”

கையைத் துடைத்துக்கொண்டு கதவருகே சென்றேன். “வாப்பா,” என்றேன். அவர் அதைத் தொலைபேசியில் பதிந்து, நான் விரலால் ஒப்பமிட அதனை நீட்டினார். வெயிலாக இருக்கிறது, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். இன்னும் சாய்ந்தமருது ஊர் முழுவதும் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி அவர் வண்டியைத் திருப்பினார்.