கரடிக் குழியில் கிடைத்த தாடை

பசிலிசாவின் கணவன் தெயோதுலோவை, உள்நாட்டுப் போர் மூண்ட மறு மாதம், 1936 ஆகஸ்டில், ஜெனரலின் ஆட்கள் கதிரடிக்கும் களத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ரயில்வே தொழிலாளர் சங்கத்தில் அவன் பெயர் இருந்தது, அதுதான் குற்றம். விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். அவளுக்கு அப்போது இருபது வயது, வயிற்றில் பிள்ளை. அதன்பின் அவனைப் பற்றி ஊரில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஆனால் எங்கள் மலைக் குகையின் ஆழத்தில், கிணறு போலச் செங்குத்தாக இறங்கும் கரடிக் குழியில் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்ற கிசுகிசுப்பு மட்டும் ஓயவே இல்லை.

நான் அவள் பக்கத்து வீட்டுக்காரி. யார் கதவைத் தட்டினாலும் அவள் முகம் வெளுப்பதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தேன். தைம் மூலிகை பறிக்கக்கூட அந்த மலைக்குப் போகமாட்டாள். அன்று களத்தில் நின்று விரல் நீட்டிக் காட்டியவன் காஸ்தோர். ஊரில் இருந்த ஒரே மளிகைக் கடை அவனுடையது. எண்ணெய்க்கும் உப்புக்கும் அவனிடம்தான் போக வேண்டும். போனாள், வணக்கமும் சொன்னாள்.

கிட்டத்தட்ட நாற்பது வருடம் நாட்டை ஆண்ட ஜெனரல் செத்த மறு கோடையில், பல்கலைக்கழகத்திலிருந்து நாலைந்து பேர் குகையில் பழங்காலக் கரடி எலும்பு தேட வந்தார்கள். தலைவி இட்சியார் என்ற பாஸ்க் நாட்டுப் பெண். பசிலிசாவின் மாடியில் தங்கினார்கள், சமையலும் அவள்தான். ஊரில் இருக்கும் கரடிகளை விட்டுவிட்டுச் செத்த கரடியைத் தேடுகிறார்களே என்று மதுக்கடையில் சிரித்தார்கள். பசிலிசா சிரிக்கவில்லை. சேறும் சகதியுமாக அவர்கள் மூட்டைகளை இறக்கும்போதெல்லாம் வாசலில் நின்று உற்றுப் பார்ப்பாள். அந்தக் கோடையில் அவள் இளைத்துவிட்டாள்.

ஒரு மத்தியானம் இட்சியார் பஞ்சு வைத்த பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடி வந்தாள். அடுப்பில் கொண்டைக்கடலை வெந்துகொண்டிருந்தது. கூடமாட ஒத்தாசைக்கு நானும் இருந்தேன்.

"அம்மா, இது கரடி இல்ல. மனுஷன்."

பல் வரிசையோடு ஒரு தாடை. பசிலிசா முதலில் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு கதவைத் தாழிட்டாள். அதன்பின்தான் அவளுக்குக் குரல் வந்தது.

"யார் யார்கிட்ட சொன்ன?"

"இன்னும் யார்கிட்டயும் இல்லம்மா. ஏன்?"

"எடுத்த இடத்துலயே கொண்டுபோய்ப் போட்டுடு, தாயி. பில்பாவோல எனக்கு ஒரு மகன் வேலை பார்க்கிறான்."

அந்தப் பெண் புரியாமல் விழித்தாள். நான்தான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். இந்த மனிதன் செத்து லட்சக்கணக்கான வருடம் ஆகிறது, நம் ஜாதி மனிதனே இல்லை, பாருங்கள், மோவாயே கிடையாது என்று மெதுவாக விளக்கினாள்.

"குண்டு பட்டா மோவாய் இருக்குமா?" என்று கேட்டாள் பசிலிசா.

இட்சியார் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். பசிலிசாவின் கையைப் பிடித்து அவள் மோவாயிலேயே வைத்தாள், பிறகு தாடையின் மேல் வைத்தாள். உடைந்த விளிம்பு எதுவும் விரலில் தட்டவில்லை. பல்லுக்குக் கீழே எலும்பு வழவழப்பாகப் பின்னால் சரிந்து போனது. கையில் எடுத்தால் கல் போலக் கனத்தது. அவர் இல்லை என்று பசிலிசா சொன்னாள். சொன்ன பிறகும் ஜன்னலைத் திறக்கவில்லை.

கரடிக் குழியில் மனிதத் தாடை கிடைத்த செய்தி, இட்சியாரோடு வந்தவர்கள் மூலம் அன்றைக்கே ஊரெல்லாம் பரவிவிட்டது. எத்தனை காலத்துத் தாடை என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலை காஸ்தோர் கொல்லைப்பக்கமாக வந்தான். எனக்குத் தெரிந்து அவன் அந்த வீட்டுப் படியேறியது அதுதான் முதல் தடவை. தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு, என்ன கிடைத்தது என்று கேட்டான்.

"தாடை. பல்லோட," என்றாள் பசிலிசா. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் நெற்றியெல்லாம் வியர்வை. "அது அவன் இல்ல பசிலிசா. அந்தக் குழிக்கு நாங்க யாரையும் கொண்டுபோகவே இல்ல."

நான் உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கு கையிலேயே நின்றது. பசிலிசா அவன் எதிரே வந்து நின்றாள்.

"அப்ப எங்க வச்சிருக்கீங்க, ஐயா?"

அவன் என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். "மாவு ஆலைக் கால்வாய்க்கு மேல, மதில் ஓரமா. அஞ்சு பேர். நான் வண்டிய விட்டு இறங்கல, சத்தியமா இறங்கல."

அவன் போனதும் பசிலிசா வாளியில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, கிழங்கு கறுத்துவிடும், தண்ணீரில் போடு என்றாள் என்னிடம். கல்யாணமான நாளிலிருந்து அவள் துணி துவைத்தது அந்தக் கால்வாயில்தான்.

யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். காவல்காரர்கள் மாறவில்லை, நீதிபதி மாறவில்லை, எதை நம்பிச் சொல்வது? இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். துணியை மட்டும் வீட்டுத் தொட்டியில் துவைத்தாள். பக்கத்து மாவட்டத்தில் சில குடும்பத்தார் தாங்களே மண்வெட்டியோடு போய்த் தங்கள் ஆட்களைத் தோண்டி எடுத்தார்கள், யாரையும் பிடித்துப் போகவில்லை என்று கேள்விப்பட்ட பிறகுதான் மகன் ஹெனாரோவை வரச்சொன்னாள். இட்சியாருக்கும் ஆள் அனுப்பினாள். அது அவள் வேலையே இல்லை, ஆனாலும் தூரிகைகளோடு வந்தாள்.

பட்டப்பகலில் தோண்டினோம். சாலையில் இரண்டு காவல்காரர்கள் ஜீப்பை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பசிலிசாவின் பல் கிட்டிக்கொண்டது. அவள் கண் குழியில் இல்லை, அந்த ஜீப்பில்தான் இருந்தது. கடைசியில் அவர்கள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். காஸ்தோர் அதற்கு முன்பே கடையைப் பூட்டிவிட்டு வயாதோலித்திலிருந்த மகள் வீட்டுக்குப் போயிருந்தான். திரும்பி வரவே இல்லை.

இடுப்பளவு ஆழத்தில் ஐந்து பேரும் கிடந்தார்கள், ஒருவர்மேல் ஒருவராக. எது தெயோதுலோ என்று இட்சியாரால் சொல்ல முடியவில்லை. ஒரே பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். பசிலிசா அழவில்லை. ஹெனாரோதான் அழுதான். அப்பனை அவன் பார்த்ததே இல்லை. ஐவரில் ஒருவரும் முப்பதைத் தாண்டவில்லை என்று பற்களைப் பார்த்து இட்சியார் சொல்லியிருந்தாள். அவனுக்கு அப்போது நாற்பத்தொன்று.