ராஜினாமாவின் மேல் உட்கார்ந்தவர்

வோல்கா நதிக்கரையில், ரயில் இரண்டே நிமிஷம் நிற்கிற ஊர். அதன் நாடக அரங்கில் ரிம்மா லுகினிச்னா முப்பத்தொரு வருஷமாக இயக்குநர். மாஸ்கோவில் படிப்பை முடித்து, ஒரு சீசன் மட்டும் என்று பெட்டியோடு வந்தவர். அந்தப் பெட்டி இதுவரை பதினேழு நாடகங்களில் நடித்துவிட்டது. கணவர்கள் இருவர், இருவரும் வீட்டைவிட்டுப் போனது ஒத்திகை நேரத்தில். இரண்டு தடவையும் இவர், "இந்தக் காட்சி முடியட்டும்" என்றாராம்.

பெரும் சோக நாடகங்களை மேடையேற்ற வந்தவருக்கு ஊர் மனமுவந்து அளித்தது, வருஷா வருஷம் குழந்தைகளின் புத்தாண்டு நாடகம். குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் பனித்தாத்தா, அவர் பேத்தி, ஒரு முயல். பத்து நாளில் முப்பது காட்சி. முயலுக்கு, அதாவது அந்த வேஷம் போடும் யெர்மோலாய்க்கு, இப்போது வயது ஐம்பத்தெட்டு.

இந்த டிசம்பரில் ராஜினாமா எழுதினார். மேலாளர் வெனியமின் சவ்விச் கையெழுத்திட்டால் போதும். நாளை காலை பத்து மணிவரை தூங்கலாம்.

"போன வருஷமும் இதையேதான் நீட்டினீங்க."

"அது கோபத்துல. இது களைப்புல. போடுங்க, வெனியமின் சவ்விச்."

"முயல் அழுவாரு."

"அழட்டுமே! மூணு வருஷமா அழச் சொல்றேன், இன்னும் வரல."

மேலாளர் பெருமூச்சுவிட்டுப் பேனாவைத் திறந்தார். காகிதம் நழுவித் தரையில் விழுந்தது.

அரங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. நாடகப் பிரதி கீழே விழுந்தால், அதன் மேல் உட்கார்ந்த பிறகே எடுக்க வேண்டும். இல்லையேல் நாடகமும் விழும். கடவுளை நம்பக் கூடாதென்றிருந்த சோவியத் காலத்திலும் இதை எல்லோரும் நம்பினார்கள். ரிம்மா லுகினிச்னாவின் உடம்பு மூளையைக் கேட்கவில்லை. தொப்பென்று காகிதத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

மேலாளர் பேனாவை மூடினார். "பிரதி மேலதானே உட்காருவாங்க?"

"பழக்கதோஷம்ங்க!"

"நாடகத்துல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. முடிவுதான் கொஞ்சம் இழுக்குது."

கோபப்படலாம். அதற்கு முதலில் எழுந்திருக்க வேண்டும், முழங்கால்கள் மறுத்தன. அப்போது நடைக்கூடத்தில் முயல் அழுது பழகும் ஓசை கேட்டது. படுமோசம்.

"யெர்மோலாய்! வயித்துலேர்ந்து அழுப்பா!" என்று தரையிலிருந்தபடியே கத்தினார். பிறகு மேலாளரிடம் கையை நீட்டினார். "தூக்கிவிடுங்க. ஒத்திகை எத்தனை மணிக்கு?"

"ஆரம்பிச்சுப் பத்து நிமிஷமாச்சு."

காகிதம் பாவாடையில் ஒட்டிக்கொண்டே மேடைவரை வந்தது. யெர்மோலாய்தான் அதைப் பிய்த்தெடுத்தார்.

"புது நாடகமா, ரிம்மா லுகினிச்னா? இதுல எனக்கு என்ன வேஷம்?"

"முயல்தான்" என்றார் அவர்.