கண்டக்டர் ருக்மிணியின் வலது கால்

கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிந்தபோது ருக்மிணி முதலில் கேட்டது கால்களைப் பற்றித்தான். சிவாஜிநகரிலிருந்து கிளம்பும் பேருந்தில் அவள் கண்டக்டர். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை. அடிவயிற்றின் நிணநீர் முடிச்சுகளை மொத்தமாக எடுத்தால் கால் வீங்கி, அந்த வீக்கம் வடியாமலே போகலாம் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

"அதுக்குத்தான் சாயம் போடுறோம்," என்றார் அறுவை மருத்துவர் அம்ருதா. "கர்ப்பப்பை வாயில ஊசி போட்டா, சாயம் முதல்ல போய்ச் சேர்ற முடிச்சு கேமராவுல பச்சையாத் தெரியும். நோய் பரவினாலும் பெரும்பாலும் அங்கதான் முதல்ல போகும். ரெண்டு பக்கமும் அதை மட்டும் எடுத்துப் பார்ப்போம்."

"முதல் ஸ்டாப்புல இறங்கலைன்னா அடுத்த ஸ்டாப்புலயும் இறங்கியிருக்காதுங்கிறீங்க."

"அதேதான்."

"பச்சை தெரியலைன்னா மேடம்?"

"தெரியாத பக்கம் முழுசா எடுத்துடுவேன். அதுல பேரம் கிடையாது."

அறுவை அரங்கில் விளக்குகளை அணைத்தார்கள். திரையில் இடது பக்கம் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து போய் ஒரு முடிச்சில் நின்றது. வலது பக்கம் இருட்டு. மறுபடி ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். இரத்தக் குழாயின் ஓரத்தில் மங்கலாக ஏதோ பச்சை.

"கிடைச்சுடுச்சு மேடம்," என்றார் உதவி மருத்துவர் கிரண்.

"இருங்க. கசிஞ்ச சாயமாவும் இருக்கலாம்."

இரண்டையும் எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். தொலைபேசி அடித்தது. இடது முடிச்சில் நோய் இல்லை. வலது பக்கத்திலிருந்து போனது முடிச்சே அல்ல, வெறும் கொழுப்பு.

"நின்னு வேலை செய்யறவங்க மேடம்," என்றார் கிரண்.

"தெரியும்." அம்ருதா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வலது பக்கம் முழுசா எடுக்கலாம்."

கண் விழித்ததும் ருக்மிணி கேட்டாள். "ரெண்டும் தெரிஞ்சுதா?"

"இடது மட்டும்."

"வலது எடுத்துட்டீங்க."

"எடுத்துட்டேன்."

சில நாள் கழித்து முழு அறிக்கை வந்தது. எடுத்த எந்த முடிச்சிலும் நோய் இல்லை.

"அப்ப சும்மாவா எடுத்தீங்க?"

"எடுத்துப் பார்த்ததாலதான் சும்மான்னு தெரியுது."

ருக்மிணி சிரிக்கவில்லை.

இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டாள். மாலையானால் வலது கணுக்கால் வீங்குகிறது. இறுக்கமான காலுறை போட்டு, கம்பியில் சாய்ந்து, பாரத்தை இடது காலில் வைத்து நிற்கிறாள். அதைப் பார்த்த ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான்.

"உக்காருங்கக்கா."

"நான் உக்காந்துட்டா நீ அப்படியே இறங்கிடுவ. டிக்கெட் எடு."