திரையில் இறங்கிய நெல்

மன்னார்குடிப் பக்கம் அரிசி மில் வைத்திருப்பவர்களில், மூட்டை தூக்கி மேலே வந்தவன் நான் ஒருவன்தான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் மில்லில் எந்த போல்ட் எங்கே இருக்கிறது என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்வேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

அறுவடைக் காலத்தில் நெல் வண்டிகள் ரோடுவரை நிற்கும். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மருமகள் ஒரு வழி சொன்னாள். மில் நடப்பதை அப்படியே கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டு, எங்கே நெரிசல், எதை மாற்றலாம் என்று முன்கூட்டியே பார்க்கலாமாம்.

“ஆனா மாமா, மூட்டை தூக்குறவங்க, வண்டிக்காரங்க, பாய்லர்காரர் எல்லாரையும் உக்கார வச்சுப் பேசணும்.”

“அவங்க சொல்றதுக்கு என்னம்மா இருக்கு? மில்லே என் தலைக்குள்ள இருக்கு. என்னைக் கேளு.”

“உங்களுக்குத் தெரியாம அங்க எதுவும் நடக்காதா மாமா?”

“ஈ கூடப் பறக்காது.”

அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள். முதலில் வந்த வண்டி முதலில் இறங்கும் என்று நான் சொன்னதை வைத்து எல்லாம் செய்தாள். திரையில் குட்டி வண்டிகள் ஊர்ந்தன. அது காட்டியபடி வாசலில் டோக்கன் வைத்தேன். நெரிசல் குறைந்தது. பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் என்னோடு மூட்டை தூக்கிய சிநேகிதன், இப்போது குத்தகைக்குப் பயிர் செய்பவன், நனைந்த நெல்லோடு டிராக்டரில் வந்தான். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கவில்லை. இது விலை போய்க் குத்தகையைக் கட்டினால்தான் அடுத்த போகத்துக்கும் நிலம் அவன் கையில் இருக்கும்.

மூட்டை தூக்குகிறவர்களின் மேஸ்திரி ஓடி வந்தார். “முதலாளி, அந்த வண்டி ஈரம். முன்னால இறக்கிடட்டுமா? எப்பவும் அப்படித்தான் செய்வோம்.”

“எப்பவுமா? யாரைக் கேட்டு?”

“யாரைக் கேக்கறது? நெல்லுக்குள்ள கைய விட்டுப் பாப்போம். சூடு ஏறியிருந்தா முளைச்சிடும்னு முன்னால இழுத்துக்குவோம். நீங்க தூக்கினப்பவும் அதானே?”

உண்மைதான். நானே செய்தது. மறந்தே போயிருந்தேன். ஆனால் வண்டிக்காரர்கள் சுற்றி நின்றார்கள். “டோக்கன்படிதான்” என்றேன்.

சிநேகிதன் என்னைப் பார்த்தான். வாடா போடா என்று பேசியவன், “சரிங்க முதலாளி. உங்க கம்ப்யூட்டர் மழையில நனையாது” என்றான்.

மறுநாள் மாலை அவன் முறை வந்து தார்ப்பாயைத் தூக்கினால் புழுங்கிய வாடை. நெல்லில் வெள்ளை வெள்ளையாக முளை. முழு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றேன். “முளைச்ச நெல்லுக்கு எதுக்குங்க விலை?” என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அடுத்த போகத்தில் அந்த நிலத்தை வேறு ஆள் உழுதார். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனி வாட்ச்மேனாம். என் போனை எடுப்பதில்லை.

பொங்கலுக்கு மருமகள் வந்தபோது எல்லாரையும் களத்தில் உட்காரவைத்தேன். மேஸ்திரி சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நானும் ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். திரையில் ஈர வண்டிகளுக்கு நீல நிறம் கொடுத்தாள்.

“அந்த மழை நாள இதுல ஓட்டிப் பாக்க முடியுமாம்மா?”

ஓட்டினாள். நீல வண்டி ஒன்று வரிசையை விட்டு விலகி முன்னால் வந்தது. மத்தியானத்துக்குள் நெல் இறங்கிவிட்டது. வண்டி காலியாக வாசலைத் தாண்டிப் போனது.

“போதுமா மாமா?”

“இன்னொரு தடவை ஓட்டும்மா” என்றேன்.