பின் அறைக்காக வீடு வீடாகச் சொன்னது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவின் ஸ்காபரோவில் வீடு வாங்கியபோது மாடிப்படியை நான் கவனிக்கவே இல்லை. மூன்று வருடத்தில் மனைவியின் முழங்கால் இரண்டும் பழுதாகிவிட்டன. தொழிற்சாலையில் நின்றே செய்த வேலை. படுக்கையறைகள் எல்லாம் மேலே. கீழே பின்பக்கம் ஒரு அறை கட்டினால் அவள் படி ஏறத் தேவையில்லை என்று படம் கீறுவித்தேன்.

பின்வேலியிலிருந்து விடவேண்டிய இடத்தில் மூன்று அடி குறைகிறது என்று நகரசபையில் சொல்லிவிட்டார்கள். விதிவிலக்குக் கேட்டால் ஒரு குழு விசாரிக்குமாம். அயலவர்களுக்குக் கடிதம் போகும், அவர்களும் வந்து பேசலாம்.

வெறும் கடிதத்தோடு விடுவது மரியாதையா? நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, கலியாணத்துக்குச் சொல்வதுபோல வீடு வீடாகப் போய், "கட்டாயம் வாருங்கள்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். முழங்காலைப் பற்றி மூச்சு விடவில்லை. வீட்டு வருத்தத்தை வெளியே சொல்ல எனக்கு வெட்கம்.

"இஞ்சருங்கோ, எத்தினை பேருக்குச் சமைக்க?" என்று மனைவி நக்கலடித்தாள்.

மனைவியோடு விசாரணைக்குப் போனால், பதினாறு பேர் வந்திருந்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எங்களுக்கு முன்னால் ஒருவர் கட்டவிருந்த கார் கராஜ் விசாரணை நடந்தது. வந்த இரண்டு அயலவர்களும் அதை எதிர்த்தார்கள், கராஜ் போச்சு. எதிர்ப்பவர்கள்தான் இங்கே வருவார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. திரும்பி என் பதினாறு பேரையும் எண்ணிப் பார்த்தேன்.

குழுவின் தலைவி எங்கள் கூட்டத்தைப் பார்த்து, "இத்தனை பேரும் எதிர்ப்பா?" என்று கேட்டார். பலர் இல்லையென்று தலையாட்டினார்கள்.

"அப்படியென்றால் ஏன் வந்தீர்கள்?"

பின்வேலிக்கு அங்கால் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவர் எழுந்தார். என்னைப் பார்த்து ஒருநாளும் சிரிக்காதவர். நான் பயந்ததே அவருக்குத்தான்.

"இவர் வரச் சொன்னார், வந்தேன்," என்றார். பிறகு, "அந்தப் பெண் ஒவ்வொரு படியிலும் குந்திக் குந்தி ஏறுவது அவர்களுடைய கண்ணாடிக் கதவால் நான் சமைக்கும்போது என் குசினிக்குத் தெரியும். அறையைக் கட்டட்டும்," என்றார்.

அனுமதி கிடைத்தது. சந்தோஷத்தில் எல்லோருக்கும் கைகொடுத்தேன், தலைவிக்கு இரண்டு தரம்.

திரும்பும்போது காரில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனுசன் பாக்கிறது தெரிஞ்சிருந்தா கேர்ட்டின் சீலையை இழுத்து விட்டிருப்பன்," என்றாள்.

"நல்லகாலம், இழுக்கேல்லை," என்றேன்.